கடலுக்குள் ஓடும் ஆறுகளும் கொழுந்து மலை மழையும்

(பெரியமடுவுக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், ஊர் வாசிகசாலையின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்து, இந்தக் குளக்கட்டு நிழலில் எங்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் எங்களுக்கு அந்நியர் இல்லை. எங்களில் சிலருடைய தாய் தகப்பன் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு இறங்கி, வன்னிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்வெட்டி பிடித்தவர்கள். அதனால் பிரட்டுக்களம் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதுபோல இந்த மன்னார்க் கரையும் உங்களுக்குப் புதிது இல்லை. உங்கள் பாட்டன் பூட்டன்மார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து தோணியேறி, இந்தக் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் நடந்து மாத்தளைக்குப் போனார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அதை நினைத்துத்தான் 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள்.

நேற்றுப் பின்னேரம் விடத்தல்தீவுக் கரைக்கு உங்களைக் கூட்டிப் போனோம். உங்களில் பல பேர் கடலைப் பார்த்ததே அதுதான் முதல் தடவை. அப்போது ஒரு சின்னப் பையன் எங்களிடம் கேட்டான்: "அண்ணே, இந்தத் தண்ணி நிக்குதா, ஓடுதா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. இது பங்குனி மாதம். வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது, சோளகம் இன்னும் எழும்பவில்லை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது நிற்கிற தண்ணி மாதிரித்தான் தெரியும். ஆனால் அது ஓடுகிறது. அது எங்கே ஓடுகிறது, சூட்டையும் குளிரையும் எப்படிச் சுமந்துகொண்டு போகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்தக் குளம் நிரம்புவதும் வற்றுவதும். அதைப் பொறுத்துத்தான் உங்கள் மலையில் கொழுந்து துளிர்ப்பதும் கருகுவதும். ஆகவே அந்தத் தம்பிக்குச் சொல்லும் பதிலையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்கிறோம்.

கடலை ஓட்டுகிற இரண்டு கைகள்

கடல் நீரை இரண்டு கைகள் ஓட்டுகின்றன. ஒன்று காற்று. மற்றது நீரின் பாரம்.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து விடாமல் ஊதிப் பாருங்கள். மேல்தண்ணி மற்றப் பக்கம் போய்ச் சேரும். கடலிலும் இதுவேதான். ஒரே திசையில் மாதக்கணக்காக வீசுகிற காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் நேராகப் போகாது. பூமத்திய கோட்டுக்கு வடக்கே வலப்பக்கமாகவும், தெற்கே இடப்பக்கமாகவும் திரும்பும். அதனால்தான் பெரிய சமுத்திரங்களில் நீரோட்டங்கள் செக்கு மாடு மாதிரி வட்டம் சுற்றுகின்றன.

காற்றின் கை சில நூறு மீற்றர் ஆழம் வரைதான் எட்டும். கடலின் சராசரி ஆழமோ ஏறக்குறைய 3,700 மீற்றர். அதற்குக் கீழே நீரை ஓட்டுவது யார்? அதுதான் இரண்டாவது கை, நீரின் பாரம்.

குளிர்ந்த நீர் பாரம் கூடியது, சூடான நீர் பாரம் குறைந்தது. வெயிலில் வைத்த பீப்பாத் தண்ணியில் கை விட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி. உப்பும் இப்படித்தான். இங்கே நாங்கள் விதைநெல் தெரிவு செய்யும்போது, வாளித் தண்ணியில் ஒரு முட்டையைப் போடுவோம், முட்டை அடியில் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்தால் முட்டை மேலே வந்து மிதக்கும். பிறகு அந்த உப்புத் தண்ணியில் நெல்லைப் போட்டால் பதர் மிதக்கும், நல்ல நெல் தாழும். உப்புக் கூடினால் நீரின் பாரம் கூடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆகவே எந்த நீர் குளிர்ச்சியும் உப்பும் சேர்ந்து இருக்கிறதோ அது அமிழும். அது அமிழ்ந்த இடத்துக்கு வேறு நீர் ஓடி வரும். ஓட்டம் பிறந்துவிடும்.

உலகத்தைச் சுற்றும் நீர்

சூரியன் பூமியின் நடுப்பகுதிக்கு அதிக சூட்டைக் கொடுக்கிறது. வட, தென் துருவங்களுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் காற்றும் கடலும் சேர்ந்து பங்கிடுகின்றன. இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குச் சூட்டைக் கொண்டு போகின்றன.

அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலிருந்து வடக்கே போகும் வளைகுடா நீரோட்டம் இதற்குப் பெயர்போனது. புளோரிடாவின் பக்கத்தில் மட்டும் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 3 கோடி கன மீற்றர் நீர் போகிறது. உலகத்தில் உள்ள எல்லா ஆறுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது. அந்தச் சூடான நீர் மேல்காற்றோடு சேர்ந்து ஐரோப்பாவின் மேற்குக் கரையை இதமாக வைத்திருக்கிறது. நீங்கள் பறித்த தேயிலையைக் குடிக்கும் லண்டன் நகரமும், குளிர்காலத்தில் கடல் உறைந்து போகும் கனடாவின் லாப்ரடோர்க் கரையும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில்தான் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு வெந்நீர் வருகிறது, மறுபக்கத்துக்குத் துருவத்துக் குளிர்நீர் வருகிறது.

அந்த வெந்நீர் போகிற வழியில் ஆவியாகி உப்புக் கூடுகிறது. கிரீன்லாந்துப் பக்கம் போனதும் குளிர்ந்து பாரமாகி, ஆழத்துக்கு இறங்குகிறது. தென்துருவத்தைச் சுற்றியும் இதே கதை. கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். மிஞ்சுகிற நீர் உப்பும் குளிருமாக அடிக்கு இறங்கும். இறங்கிய நீர் கடலடியில் மெதுவாக ஊர்ந்து, அத்திலாந்திக், இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்கெல்லாம் பரவி, பிறகு மேலே வருகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு செல்லும் என்று கணக்கிடுகிறார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய மாதோட்டத் துறைமுகத்தில், சோழர் காலத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்ற நாளில் வடக்கே எங்கேயோ அமிழ்ந்த நீர், இப்போதுதான் எங்கேயாவது வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் கரையின் விசேஷம்

மற்றச் சமுத்திரங்களின் பெரிய ஓட்டங்கள் வருஷம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே திசையில் போகும். இந்து சமுத்திரத்தின் வடபாதி மட்டும் வேறு சுபாவம். நமக்குப் பருவக்காற்று வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறுகிறது. காற்றோடு சேர்ந்து நீரோட்டமும் திரும்பிவிடுகிறது.

சோளகம் வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை இலங்கைக்குத் தெற்கே நீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அரபிக்கடலின் உப்புக் கூடிய நீர் எங்கள் தீவைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் நுழைகிறது. வாடை வீசும் டிசெம்பர் முதல் மார்ச் வரை ஓட்டம் மாறி, கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் கொட்டி உப்புக் குறைந்த வங்கக்கடல் நீர் அரபிக்கடலுக்குப் போகிறது. இரண்டு வீட்டுக்காரர் கொடுத்து வாங்குகிற மாதிரி, இரண்டு கடலும் வருஷா வருஷம் நீரை மாற்றிக்கொள்கின்றன. நடுவில் நிற்கும் வாசற்படிதான் இலங்கை.

நேற்றுப் பார்த்த கடல் பாக்கு நீரிணைப் பக்கம். அங்கே ஆழம் குறைவு. பெரும்பாலான இடத்தில் 15 மீற்றரைத் தாண்டாது. தலைமன்னாருக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர் மணல்திட்டு. ராமர் அணை என்று நீங்கள் கேள்விப்பட்டது அதுதான். அதைத் தாண்டித் தெற்கே மன்னார் வளைகுடா. அரிப்பும் சிலாவத்துறையும் அந்தப் பக்கம். வெளியே போகப் போக ஆழம் ஆயிரம் மீற்றரையும் தாண்டிவிடும். சோளகத்தில் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும்போது மணல்திட்டுக்கு வடக்கே தணிவாக இருக்கும். வாடையில் நிலைமை மாறிவிடும். அந்தக் காலத்தில் அரிப்புக் கடலில் முத்துக் குளித்தவர்கள் இந்தப் பங்குனி, சித்திரைக் காலத்தைத்தான் பார்த்து இறங்கினார்கள். இரண்டு காற்றுக்கும் நடுவில் கடல் மூச்சு விடுகிற நேரம் இதுதான்.

இன்னொரு விஷயம். சோளகக் காலத்தில் எங்கள் தீவின் தெற்குக் கரையில் காற்று மேல்நீரைக் கரையை விட்டு வெளியே தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். அந்தக் குளிர்நீரில் கடலடியில் மக்கிக் கிடந்த சத்தெல்லாம் கரைந்திருக்கும். கவ்வாத்து வெட்டிய மலைக்கு உரம் போட்டால் எப்படித் துளிர்க்குமோ, அப்படிக் கடலில் நுண்ணிய பாசி பெருகும். பாசியைச் சின்ன உயிர்கள் தின்னும், அவற்றை மீன் தின்னும். மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் நீலத் திமிங்கிலம் சுற்றித் திரிவதும் இப்படி விளைகிற தீனியைத் தேடித்தான். உங்கள் லயத்துக் கடையில் வாங்குகிற நெத்தலிக் கருவாடும் சூடையும் இப்படிக் கடலில் விளைந்த பாசியிலிருந்து வந்தவைதான்.

சூடான நீர் எங்கேயோ, மழை அங்கே

இப்போது மழைக்கு வருவோம். இதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம்.

சூடான கடலின் மேல்தான் மேகம் நன்றாகக் கட்டும். அடுப்பில் இருக்கிற கேத்தலுக்கு மேலேதான் ஆவி எழும்பும், குடத்துக்கு மேலே எழும்பாது. அதனால் சூடான நீர் எந்தப் பக்கம் போய்ச் சேர்கிறதோ அந்தப் பக்கம் மழையும் போய்ச் சேருகிறது.

பசிபிக் சமுத்திரத்தில் வழமையாகக் காற்று சூடான நீரை இந்தோனேசியாப் பக்கம் தள்ளி வைத்திருக்கும். சில வருஷங்களில் காற்றுத் தளர்ந்து அந்த வெந்நீர் தென்னமெரிக்காப் பக்கம் திரும்பிவிடும். அதை முதலில் கண்டவர்கள் பெரு நாட்டு மீனவர்கள். நத்தார்க் காலத்தை ஒட்டிக் கடல் சூடாகி, மீன் படாமல் போவதைப் பார்த்து, குழந்தை இயேசுவின் பெயரால் 'எல் நினோ' என்று அழைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் சொல்கிற பெயர், கடல் தொழிலாளிகள் வைத்த பெயர்.

நம்முடைய இந்து சமுத்திரத்திலும் இப்படி ஒரு சாய்வு இருக்கிறது. 1999ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அதை விவரித்து 'இந்து சமுத்திர இருமுனை' என்று பெயர் வைத்தார்கள். சில வருஷம் சுமாத்திராப் பக்கம் கடல் குளிர்ந்து, ஆபிரிக்காப் பக்கம் சூடாகும். அப்படியான வருஷத்தில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை நமக்கு மழை கூட வாய்ப்பு உண்டு. 2019ஆம் ஆண்டு அப்படித்தான். கிழக்கு ஆபிரிக்காவில் வெள்ளம், அவுஸ்திரேலியாவில் வறட்சியும் காட்டுத்தீயும், இலங்கையில் டிசெம்பரில் வெள்ளம். சில வருஷம் மற்றப் பக்கம் சாயும். வெந்நீர் சுமாத்திராப் பக்கம் குவியும். மழையும் அங்கே போய்விடும்.

2016ஆம் ஆண்டு அப்படிச் சாய்ந்தது. அவுஸ்திரேலியாவில் மழை கொட்டியது. எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. வடக்கிலும் வடமத்தியிலும் குளங்கள் நிரம்பவில்லை. காலபோகத்துக்கு உழுதுபோட்ட வயல்கள் விதைக்காமலே கிடந்தன. நாடு முழுவதும் 2016இல் ஏறக்குறைய 44 இலட்சம் தொன் நெல் விளைந்தது. 2017இல் 24 இலட்சம் தொன்னுக்கு இறங்கிவிட்டது. தேயிலையைப் பாருங்கள். 2015இல் ஏறக்குறைய 32.9 கோடி கிலோ. 2016இல் 29.3 கோடி கிலோ. தேயிலை குறைந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வானிலையும் ஒரு பெரிய காரணம். மழை இல்லை என்றால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லை என்றால் உங்களுக்குப் பேர் இல்லை. எங்களுக்கு நெல் இல்லை. மலைக்கும் வன்னிக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வெந்நீர் இடம் மாறினால் இரண்டு இடத்திலும் அடுப்பு அணைகிறது.

நாங்கள் சின்ன வயதில் நினைத்தது வேறு. மலையில் இருப்பவர்களுக்கு எப்போதும் மழை, கஷ்டம் எங்களுக்கு மட்டும்தான் என்று. நீங்களும் கடற்கரையில் இருப்பவர்களைப் பற்றி அப்படி ஏதாவது நினைத்திருப்பீர்கள். ஒரே சோளகம் வட்டவளையில் மழையாகக் கொட்டி, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வரண்ட கச்சானாக இறங்குகிறது. எங்களுக்கும் அதே சோளகம் புழுதிக் காற்றுத்தான். காற்றும் ஒன்று, கடலும் ஒன்று. நாம் நிற்கிற இடம்தான் வேறு.

சூடு கூடிய கடல்

இதில் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமியில் சேருகிற மேலதிக சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. கடல் வாங்கியிருக்காவிட்டால் நாம் இருந்திருக்க மாட்டோம். ஆனால் வாங்கிய சூட்டை அது சும்மா வைத்திருக்காது. 1998இலும் 2016இலும் மன்னார் வளைகுடாப் பக்கத்துப் பவளப் பாறைகள் சூடு தாங்காமல் வெளிறின. கிரீன்லாந்துப் பனி உருகி நன்னீர் கலந்தால் அங்கே கடல்நீரின் பாரம் குறையும். முட்டை விஷயம் ஞாபகம் இருக்கிறதல்லவா? பாரம் குறைந்தால் அமிழ்வது குறையும், உலகத்தைச் சுற்றும் அந்தப் பெரிய ஓட்டமும் தளரும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். எவ்வளவு வேகமாகத் தளரும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

சூடான கடல் புயலுக்கும் தீனி. மேல்நீர் ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் புயல் வளரலாம். வங்கக்கடல் பெரும்பாலான மாதங்களில் அதைவிடச் சூடு. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்த மன்னார்க் கரையையும் அடித்தது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே மன்னார்ப் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. அங்கே உங்கள் மலை சரிந்தது. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். எங்கள் சொந்தக்காரர் லயத்தில் இருக்கிறார்கள். மூன்று நாள் போன் வேலை செய்யவில்லை. முழங்கால் தண்ணிக்குள் நின்றுகொண்டு திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினோம். நாலாவது நாள் சின்னம்மாவின் குரல் கேட்டபோது எங்களால் பேச முடியவில்லை. "இருக்கோம்" என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. 2025இலும் இந்து சமுத்திர வெந்நீர் கிழக்குப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்தால் மழை குறைய வாய்ப்பு என்று சற்று முன்னர் சொன்னோம். ஆனாலும் ஒரே ஒரு புயல், இரண்டு மூன்று நாளில் மலையைப் புரட்டிப் போட்டது. பருவத்துக்கான கணிப்பு விதைக்கவும் சேமிக்கவும் உதவும். உயிரைக் காப்பாற்ற அன்றன்றைய எச்சரிக்கைதான் உதவும். இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

கடலைத் திருப்ப நம்மால் ஆகாது. ஆனால் கடல் என்ன செய்கிறது என்று இப்போது பார்க்க முடிகிறது. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைக் கருவிகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒரு தடவை 2,000 மீற்றர் ஆழம் வரை இறங்கி, சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வந்து, செய்மதிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியெல்லாம் சேர்த்துத்தான் வளிமண்டலவியல் திணைக்களங்கள் வரப்போகும் பருவத்தைக் கணிக்கின்றன. இந்தச் செய்தி பிரட்டுக்களம் வரை வந்து சேர்ந்தால்தான் அதற்குப் பயன்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் சில காரியம் செய்யுங்கள்.

முதலாவது, மழையை அளக்கப் பழகுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. அன்றன்றைய அளவை லயத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் நேர்ச்சுவருள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தாலும் போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரைச் சென்ரிமீற்றர் சேர்ந்தால் சரிவில் இருப்பவர்கள் விழிப்பாக இருக்கவேண்டும். 100ஐத் தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர், அடிமட்டத்தில் பாதி, வந்துவிட்டால் அங்கே இருக்கவே கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிப்பது இந்த மூன்று படிகளைத்தான். சிவப்பு என்றால் வெளியேறு என்று அர்த்தம்.

இரண்டாவது, மலை சொல்வதையும் கேளுங்கள். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், பீலியில் திடீரென்று கலங்கி வரும் தண்ணி, அல்லது வந்துகொண்டிருந்த தண்ணி சட்டென்று நின்றுபோவது, இவை எல்லாம் எச்சரிக்கை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறக்கவேண்டாம். அன்று ஒரு நாள் பேர் போய்விடும் என்று யோசிக்காதீர்கள். பேரை நாளைக்கும் போடலாம். ஆபத்து என்றால் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய எண்ணுக்குச் சொல்லலாம்.

மூன்றாவது, எச்சரிக்கை தமிழில் வரவேண்டும். வராவிட்டால் கேளுங்கள். சங்கத்தில் சொல்லுங்கள், நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்ல அந்தப் பிள்ளையைப் பழக்குங்கள்.

நாலாவது, எங்களோடு தொடர்பாக இருங்கள். வங்கக்கடலில் ஏதாவது கிளம்பினால் கரையில் இருக்கும் எங்களுக்கு முதலில் காற்று மாறித் தெரியக்கூடும். நாங்கள் ஒரு போன் போடுகிறோம். மலையில் பெருமழை என்றால் நீங்கள் எங்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் மன்னாரில் இறங்கி நடந்தவர்களுக்கு வழியில் எச்சரிக்கை சொல்ல யாரும் இருக்கவில்லை. இன்று நமக்கு நாம் இருக்கிறோம்.

மடு என்றால் ஆழமான நீர்நிலை. பெரியமடு என்றால் பெரிய ஆழம். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஆழத்துத் தண்ணி இருக்கிறது. தம்பி, நீ நேற்றுக் கேட்டாயே, தண்ணி நிக்குதா, ஓடுதா என்று. அது ஓடுகிறது. இன்றைக்கு நீ கால் நனைத்த நீர், சோளகம் பிறந்ததும் வேறு திசை பார்க்கும். அதில் ஒரு துளி ஆவியாகி, மேகமாகி, என்றைக்காவது உன் வீட்டுக் கூரைத் தகரத்திலும் விழும். விழும்போது அம்மாவிடம் சொல்லு, இது மன்னார்த் தண்ணியாக இருக்கும் என்று. சொல்லிவிட்டு, அந்த டின்னில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்.